அயோனா மடாலயம்

அயோனா மடாலயம் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அயோனா என்னும் சிறு தீவில் அமைந்துள்ள இடைக்காலக் கிறித்தவ மடாலயம் ஆகும். கி.பி. 563 ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து வந்த புனித கொலும்பா இத்தீவில் நிறுவிய துறவிமடம் இருந்த இடத்தில், ஏறத்தாழ 1200 ஆம் ஆண்டில் பெனடிக்டியத் துறவியர் இம்மடாலயத்தை அமைத்தனர். 1560 ஆம் ஆண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின்னர் கைவிடப்பட்டுக் கூரையிழந்து, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது இடிபாடாகக் கிடந்தது.

இதன் தேவாலயம் 1902க்கும் 1910க்கும் இடையில் ஓர் அறக்கட்டளையால் மீட்கப்பட்டது. தேவாலயத்தை ஒட்டியிருந்த துறவியர் குடியிருப்புக் கட்டடங்களை 1938 முதல் 1965 வரை அயோனா சமூகம் என்னும் அமைப்பினர் தம் உழைப்பால் மீண்டும் எழுப்பினர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்திருந்த கைவினைஞர்களும், போதகர் பணிக்குப் பயிற்சி பெற்ற இளைஞர்களும் ஒன்றாக வாழ்ந்து இப்பணியைச் செய்தமை இம்மடாலயத்தின் வரலாற்றில் தனிச்சிறப்புடையதாகக் கருதப்படுகிறது.

அமைவிடம்

அயோனா, உள் ஹெப்ரிடிஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. இது மல் தீவின் தென்மேற்கு முனைக்கு எதிரில் ஒரு குறுகிய நீரிணையால் பிரிக்கப்பட்டுள்ளது. தீவின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகலம் மிகுதியான இடத்தில் 2.5 கிலோமீட்டர். தீவின் மிக உயர்ந்த குன்றான டுன் ஈ 101 மீட்டர் உயரமுடையது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 177 ஆகும். மல் தீவின் பியன்போர்ட் என்னும் சிற்றூரிலிருந்து படகில் ஏறத்தாழ பத்து நிமிடங்களில் தீவை அடையலாம். வெளியாட்கள் தீவுக்குள் வாகனம் கொண்டு செல்லப் பொதுவாக அனுமதி இல்லை.

பெயர்

தீவைக் கேலிக் மொழியில் 'கொலும்பாவின் தீவு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் கொலும்பாவின் வரலாற்றை இலத்தீனில் எழுதிய அடோம்னான் இத்தீவை 'இயோவா' என்று குறித்தார். பிற்காலத்தில் படியெடுத்தவர்கள் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாகப் பிழைபட வாசித்ததால் 'அயோனா' என்ற பெயர் தோன்றி நிலைத்துவிட்டது. இப்பிழைப் பெயர் எபிரேய மொழியில் புறா என்னும் பொருளைத் தருகிறது. 'கொலும்பா' என்னும் இலத்தீன் பெயரின் பொருளும் புறா என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

கொலும்பாவின் மடம்

கொலும்பா பன்னிரண்டு துணைவர்களுடன் அயோனாவுக்கு வந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அவர் 597 ஆம் ஆண்டில் இங்கேயே இறந்தார். அவர் அமைத்த மடம் மரத்தாலும் மண்ணாலும் ஆனது. அதைச் சுற்றி மண்மேடும் அகழியும் இருந்தன. இவற்றின் தடங்களை இன்றும் காணலாம். மடாலயத்தின் அருகிலுள்ள சிறு பாறைமேட்டில் கொலும்பாவின் எழுதும் குடில் இருந்தது என்று நீண்ட காலமாக நம்பப்பட்டு வந்தது. அவ்விடத்தில் 1957 ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுத்துப் பாதுகாக்கப்பட்ட கரித்துண்டுகளைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினர். அவை 540க்கும் 650க்கும் இடைப்பட்டவை என 2017 ஆம் ஆண்டில் அறிவித்தனர். எனவே அக்குடில் கொலும்பாவின் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

அயோனாவிலிருந்து சென்ற ஐடன் என்னும் துறவி 635 ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தை நிறுவினார். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள புகழ்பெற்ற ஓவியச் சுவடியான கெல்ஸ் நூல், 800 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அயோனாவில் முழுமையாகவோ பகுதியாகவோ உருவாக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

795 ஆம் ஆண்டு முதல் வைக்கிங்குகள் தீவைப் பலமுறை தாக்கினர். 806 ஆம் ஆண்டுத் தாக்குதலில் 68 பேர் கொல்லப்பட்டனர். இதன் பின் துறவியரில் ஒரு பகுதியினர் அயர்லாந்தின் கெல்ஸ் நகருக்குப் பெயர்ந்தனர். எனினும் அயோனாவில் துறவியர் வாழ்வு முற்றிலும் அற்றுப்போகவில்லை.

பெனடிக்டிய மடாலயம்

ஏறத்தாழ 1200 ஆம் ஆண்டில், தீவுகளின் தலைவனாக விளங்கிய சோமர்லெட்டின் மகன் ரானல்ட் இங்கு ஒரு பெனடிக்டிய மடாலயத்தை நிறுவினான். 1203 ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் இன்னசன்ட் இதைத் தம் பாதுகாப்பின் கீழ் ஏற்றார். பழைய கொலும்பிய மரபினர் இதை எளிதில் ஏற்கவில்லை. 1204 ஆம் ஆண்டில் வட அயர்லாந்தின் திருச்சபையினர் படகுகளில் வந்து புதிய மடத்தை இடித்தனர் என அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. எனினும் பெனடிக்டியர் நிலைபெற்றனர்.

தேவாலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் மடத்தலைவர் டொமினிக் காலத்தில் மீண்டும் பெருமளவில் திருத்திக் கட்டப்பட்டது. இன்று காணப்படும் சதுரக் கோபுரமும் பாடகர் பகுதியும் பெரும்பாலும் இக்காலத்தவை. இப்பணியில் ஈடுபட்ட டொனால்ட் ஓ புரோல்கான் என்னும் கல்தச்சர் தம் பெயரைத் தூண்தலை ஒன்றில் பொறித்துள்ளார். கட்டுமானத்துக்கு மல் தீவின் இளஞ்சிவப்புக் கருங்கல் பெருமளவில் பயன்பட்டது.

சிதைவு

1560 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திருத்தந்தையின் அதிகாரத்தை நீக்கியது. துறவிமடங்கள் செயலிழந்தன. அயோனாவின் துறவியர் கலைந்தனர். கூரைகள் வீழ்ந்தன, மழையும் கடற்காற்றும் சுவர்களைத் தாக்கின. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவு ஆர்கைல் கோமகன்களான கேம்பெல் குடும்பத்தினரின் உடைமையாயிற்று.

1773 ஆம் ஆண்டில் அகராதியியலாளர் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெலும் இங்கு வந்தனர். கன்னியர் மடத்தின் சிற்றாலயம் மாட்டுத் தொழுவமாகப் பயன்பட்டதையும், அதன் தரை சாணத்தால் மூடப்பட்டிருந்ததையும் ஜான்சன் பதிவு செய்துள்ளார். அவருடைய பயண நூல் இவ்விடிபாடுகளை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களின் வருகையால் பயணிகளின் எண்ணிக்கை பெருகியது. 1870களில் எட்டாம் ஆர்கைல் கோமகன் ஜார்ஜ் கேம்பெல், கட்டடக்கலைஞர் ராபர்ட் ரோவண்ட் ஆண்டர்சனைக் கொண்டு சுவர்கள் மேலும் விழாதபடி உறுதிப்படுத்தினார்.

தேவாலயத்தின் மீட்பு

1899 ஆம் ஆண்டில் எட்டாம் ஆர்கைல் கோமகன் மடாலயம், கன்னியர் மடம், இடுகாடு ஆகியவற்றை அயோனா பேராலய அறக்கட்டளை என்னும் அமைப்பிடம் ஒப்படைத்தார். இவ்வறக்கட்டளை ஸ்காட்லாந்து திருச்சபையுடன் தொடர்புடையது. தேவாலயத்தை வழிபாட்டுக்கு ஏற்றவாறு மீட்க வேண்டும் என்பதும், அங்கு எல்லாக் கிறித்தவப் பிரிவினரும் வழிபட இடமளிக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பமாகும். பிரெஸ்பிட்டேரியன் பிரிவுகளுக்கு இடையிலேயே பிளவுகள் மிகுந்திருந்த அக்காலத்தில் இந்நிபந்தனை புதுமையானது.

பணிகள் 1902 ஆம் ஆண்டில் தொடங்கின. கீழைப்பகுதி முதலில் கூரையிடப்பட்டு 1905 ஆம் ஆண்டில் வழிபாடு நடைபெற்றது. 1910 ஆம் ஆண்டில் நடுக்கூடம் முடிவுற்றது. நிதி தேவாலயத்துக்கு மட்டுமே போதியதாக இருந்தமையால், அதன் வடபுறத்திலிருந்த உணவுக்கூடம், துயிற்கூடம், ஆலோசனைக்கூடம், நடைமண்டபம் ஆகியவை இடிபாடுகளாகவே விடப்பட்டன.

அயோனா சமூகம்

தோற்றம்

ஜார்ஜ் மெக்லியோட் (1895–1991) கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியில் 1930 முதல் 1938 வரை போதகராகப் பணியாற்றினார். கோவன் கப்பல் கட்டும் தொழிலை நம்பியிருந்த ஊராகும். பெருமந்தக் காலத்தில் அங்கு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தொழிலாளரின் வாழ்வுக்கும் திருச்சபையின் வாழ்வுக்கும் இடையிலிருந்த இடைவெளி மெக்லியோடை வருத்தியது. போதகராகப் போகிறவர் கையால் உழைப்பதை அறியாதவராகவும், உழைப்பாளி வழிபாட்டைத் தமக்கு அந்நியமானதாகக் கருதுபவராகவும் இருப்பதை மாற்ற வேண்டும் என அவர் எண்ணினார். இதற்கு முன்னரே வேலையற்ற தன்னார்வலர்களைக் கொண்டு பிங்கால்டன் என்னும் இடத்தில் ஒரு பழைய ஆலைக்கட்டடத்தை அவர் சீரமைத்திருந்தார்.

அயோனாவின் கூரையற்ற குடியிருப்புக் கட்டடங்களை மீண்டும் எழுப்பும் திட்டத்தை அறக்கட்டளையினர் முன் வைத்து இசைவு பெற்ற பின், 1938 ஆம் ஆண்டில் அவர் கோவன் பணியைத் துறந்து சிறு குழுவினருடன் தீவுக்குச் சென்றார். அவர்கள் மடாலயத்தின் அருகில் மரக்குடில் அமைத்துத் தங்கினர்.

கட்டுமானப் பணி

கல்தச்சரும் மரத்தச்சரும் தத்தம் தொழிலைச் செய்ய, பயிற்சிப் போதகர்கள் அவர்களுக்குச் சிற்றாளாக வேலை செய்தனர். கல் சுமப்பதும் சாந்து கலப்பதும் அவர்களுடைய பணிகளாகும். காலையிலும் மாலையிலும் அனைவரும் மீட்கப்பட்ட தேவாலயத்தில் கூடி வழிபட்டனர். கோடையில் தீவில் உழைத்த இளம் போதகர்கள், ஏனைய காலத்தில் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளிலும் புதிய குடியிருப்புத் திட்டங்களிலும் பணியாற்றினர். கட்டடக்கலைஞர் இயன் லிண்ட்சே வரைபடங்களை உருவாக்கினார்.

பணி தொடங்கிய மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. கைவினைஞர் கிடைப்பது அரிதாயிற்று. மரம் போர்த் தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டது. புயலில் சிக்கிய கப்பல் ஒன்று தன் மேல்தளத்திலிருந்த மரங்களைக் கடலில் தள்ள, அவை மல் தீவின் கரையில் ஒதுங்கின என்றும், அவையே கூரைப்பணிக்குப் பயன்பட்டன என்றும் சமூகத்தின் வரலாறு கூறுகிறது. நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்தும் பின்னர் மரம் நன்கொடையாக வந்தது.

1956 ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் அரசி மடாலயத்துக்கு வருகை புரிந்தார். 1965 ஆம் ஆண்டில் மேற்குப் பகுதிக் கட்டடம் நிறைவுற்றதுடன் 27 ஆண்டுக் கட்டுமானப் பணி முடிவடைந்தது.

எதிர்ப்புகள்

இத்திட்டம் பல திசைகளிலிருந்து ஐயத்தைச் சந்தித்தது. இடிபாட்டை இடிபாடாகவே காக்க வேண்டும், ஊகத்தின் அடிப்படையில் மீளக் கட்டுவது வரலாற்றுச் சான்றை மறைத்துவிடும் என்பது ஒரு தரப்பினரின் கருத்து. துறவிமடக் கட்டடங்களை எழுப்பிக் கூட்டு வாழ்வு நடத்துவது கத்தோலிக்கத்துக்குத் திரும்பும் முயற்சி எனப் பிரெஸ்பிட்டேரியன்களில் சிலர் அஞ்சினர். மெக்லியோடின் சமத்துவக் கருத்துகளை முன்னிட்டு வேறு சிலர் அவரைப் பொதுவுடைமையாளர் என்றனர். முதலாம் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்ற அவர் பின்னர் போர் மறுப்பாளரானதும் போர்க்காலத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

1951 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை அயோனா சமூகத்தைத் தன் அமைப்புக்குள் முறையாக இணைத்துக்கொண்டது. மெக்லியோட் 1957 ஆம் ஆண்டில் அப்பேரவையின் தலைவரானார்.

கட்டுமானத்துக்குப் பின்

கட்டடங்கள் முடிந்ததும் சமூகம் எதற்காகத் தொடர வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. மெக்லியோட் 1967 ஆம் ஆண்டில் தலைமையிலிருந்து விலகினார். ஆடவர் மட்டுமே உறுப்பினராக இருந்த நிலை 1969 ஆம் ஆண்டில் மாறியது. பல திருச்சபைகளைச் சேர்ந்தோரும் உறுப்பினராயினர். 2002 ஆம் ஆண்டில் கேத்தி காலோவே சமூகத்தின் முதல் பெண் தலைவரானார்.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் தீவில் வாழ்வதில்லை. அவர்கள் தம் ஊர்களில் வாழ்ந்துகொண்டே, நாள்தோறும் இறைவேண்டல், பணத்தையும் காலத்தையும் பயன்படுத்தும் முறை குறித்து ஒருவருக்கொருவர் கணக்குக் கூறுதல், நீதிக்கும் அமைதிக்கும் உழைத்தல், ஒன்றுகூடுதல் முதலிய நெறிகளைப் பின்பற்றுகின்றனர். சமூகத்தின் தலைமையகம் கிளாஸ்கோவில் உள்ளது. காட்டு வாத்து இதன் சின்னமாகும். மல் தீவின் கமாஸ் என்னும் இடத்திலிருந்த பழைய மீன்பிடி நிலையத்தை இளைஞர் முகாமாகவும் சமூகம் நடத்தி வந்துள்ளது.

கட்டடங்களும் சின்னங்களும்

* தேவாலயம்: சிலுவை வடிவத் தரைப்படமும் நடுவில் சதுரக் கோபுரமும் உடையது. திருவிருந்து மேசை அயோனாவின் பச்சை நரம்போடிய வெண்பளிங்கால் ஆனது. தென்புறக் குறுக்குக் கூடத்தில் எட்டாம் ஆர்கைல் கோமகன், அவருடைய துணைவியார் ஆகியோரின் உருவச் சிலைகள் உள்ளன.
* நடைமண்டபம்: இடைக்காலத் தூண்களில் மிகச்சிலவே எஞ்சியிருந்தன. ஏனையவை புதிதாகச் செய்யப்பட்டன. சிற்பி கிறிஸ் ஹால் 1967 முதல் 1997 வரை முப்பது ஆண்டுகள் உழைத்து, தீவின் செடிகள், பூக்கள், பறவைகள் ஆகியவற்றைத் தூண்தலைகளில் செதுக்கினார். முற்றத்தின் நடுவே ஜாக் லிப்சிட்ஸ் என்னும் சிற்பியின் 'ஆவியின் இறக்கம்' என்ற வெண்கலச் சிற்பம் 1959 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. லிப்சிட்ஸ் யூதர் என்பது குறிப்பிடத்தக்கது.
* புனித மார்ட்டின் சிலுவை: எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 4 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய இக்கற்சிலுவை, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கிறது.
* புனித யோவான் சிலுவை: பலமுறை விழுந்து உடைந்தது; 1951, 1957 ஆம் ஆண்டுகளின் புயல்களிலும் வீழ்ந்தது. எனவே அதன் காங்கிரீட் படி ஒன்று 1970 ஆம் ஆண்டில் அவ்விடத்தில் நிறுவப்பட்டது. மூலச் சிலுவையின் துண்டுகள் இணைக்கப்பட்டு மடாலய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.
* புனித ஓரன் சிற்றாலயமும் இடுகாடும்: பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிற்றாலயமே தீவில் முழுமையாக எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம். இதைச் சூழ்ந்த இடுகாட்டில் 48 ஸ்காட்லாந்து மன்னர்கள் அடக்கம் செய்யப்பட்டனர் என 1549 ஆம் ஆண்டின் குறிப்பொன்று கூறுகிறது. இவ்வெண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவர் ஜான் ஸ்மித் 1994 ஆம் ஆண்டில் அயோனாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

கன்னியர் மடம்

மடாலயத்துக்குத் தெற்கே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரானல்ட் நிறுவிய அகுஸ்தீனியக் கன்னியர் மடத்தின் இடிபாடுகள் உள்ளன. அவனுடைய சகோதரி பெத்தோக் இதன் முதல் தலைவி ஆவார். இளஞ்சிவப்புக் கல்லாலான இதன் சுவர்கள் உறுதிப்படுத்தப்பட்டனவே அன்றி மீளக் கட்டப்படவில்லை. பிரித்தானியத் தீவுகளில் நன்கு எஞ்சியுள்ள இடைக்காலக் கன்னியர் மட இடிபாடுகளில் இதுவும் ஒன்றாகும். மீண்டும் எழுப்பப்பட்ட ஆடவர் மடத்தையும், கூரையின்றி விடப்பட்ட கன்னியர் மடத்தையும் சில நிமிட நடையில் அடுத்தடுத்துக் காணலாம். இதனால் தொல்கட்டடங்களைக் காப்பதற்கான இரு வேறு முறைகளையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டு அறிய முடிகிறது.

உடைமையும் பராமரிப்பும்

1979 ஆம் ஆண்டில் ஆர்கைல் கோமகன் குடும்பம் தீவை விற்க முன்வந்தபோது, பிரேசர் அறக்கட்டளை அதை வாங்கி நாட்டுக்கு அளித்தது. அதுமுதல் தீவின் பெரும்பகுதி ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. மடாலயமும் ஏனைய புனித இடங்களும் 1899 ஆம் ஆண்டிலேயே தனி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டிருந்தமையால் இவ்விற்பனையில் அடங்கவில்லை.

கடற்காற்றின் உப்பும் ஓயாத ஈரமும் கல்லிணைப்புகளை அரிக்கின்றன. மீட்கப்பட்ட கட்டடங்களும் காலப்போக்கில் பழுதுபட்டன. இவற்றின் பராமரிப்புச் செலவு அறக்கட்டளைக்கும் சமூகத்துக்கும் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே 2000 ஆம் ஆண்டில் மடாலயத்தின் பராமரிப்பு, நீண்டகாலக் குத்தகை அடிப்படையில் அரசின் தொல்லியல் அமைப்பான ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டு முதல் அதன் வழிவந்த ஸ்காட்லாந்து வரலாற்றுச் சூழல் அமைப்பு இப்பொறுப்பை வகிக்கிறது. கொலும்பா வருகையின் 1,450 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2013 ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டது.

அயோனா சமூகம் தொடர்ந்து குடியிருப்புப் பகுதியில் விருந்தினரைத் தங்கவைத்து வருகிறது. சமூகத்தின் முன்னோர் கட்டிய அறைகளும் வெப்பமூட்டும் அமைப்பும் பழுதடைந்ததால், 37.5 இலட்சம் பவுண்டு திரட்டும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட பகுதி 2021 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

பெருகிவரும் பயணிகள் கூட்டமும் ஒரு சிக்கலாகும். ஜான் ஸ்மித்தின் கல்லறையைக் காண வந்தவர்களின் காலடிகளால் அருகிலுள்ள தீவினரின் கல்லறைகள் பாதிக்கப்படுவதாகக் கவலை எழுந்தது. தீவு மக்களுக்கு இவ்விடம் இன்றும் தம் உறவினர் உறங்கும் இடமாக இருப்பதால், காட்சிப் பொருளாக மட்டும் இதைக் கருத முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடாகும்.

அன்றாட வாழ்வு

மடாலயத்தில் தங்கும் விருந்தினர் காய்கறி நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறைகளைத் தூய்மை செய்தல் முதலிய வேலைகளைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். கட்டுமானக் காலத்தில் போதகரும் கல்தச்சரும் ஒன்றாக உழைத்த மரபின் தொடர்ச்சியாக இது பேணப்படுகிறது. காலையிலும் இரவிலும் தேவாலயத்தில் வழிபாடு நடைபெறுகிறது. காலை வழிபாடு முடிந்ததும் முறையான நிறைவு ஆசியுரை இன்றி அனைவரும் நேராக வேலைக்குச் செல்கின்றனர். அன்றைய வேலையும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே என்னும் கருத்தை இவ்வழக்கம் உணர்த்துகிறது.